சாம்பல் உபயம்

விம்கோ நகரில் ரயில் பாதையை ஒட்டிய அந்தத் தெருவுக்கு நகராட்சி வைத்த பெயர் ஒன்று உண்டு. பலகையும் உண்டு. ஆனால் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார். பள்ளத் தெரு என்றால்தான் வண்டி நகரும். தெருவுக்கு மேற்கே ரயில் மேடு. கிழக்கே செங்கொடியின் நாலு கிரவுண்டு தோட்டம். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் இறங்கி, தெருவைக் குறுக்கே கடந்து, தோட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆதியிலிருந்தே அப்படித்தான். யாரும் அதற்கு நன்றியும் சொன்னதில்லை, புகாரும் சொன்னதில்லை.

செங்கொடி என்று பெயர் வைத்தவர் அவளுடைய அப்பா, வியாசர்பாடியில் யூனியனே கதி என்று கிடந்தவர். பெயரை அவள் வீணாக்கவில்லை. நியாயம் என்று மனதில் பட்டுவிட்டால் எதிரில் நிற்பது கவுன்சிலரா, கட்டின புருஷனா என்று பார்க்க மாட்டாள். பள்ளம் என்பதால் எவரும் சீந்தாத அந்த நிலத்தை அவளும் கிருஷ்ணப்பனும் வாங்கியபோது சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீடு கட்டவே லாயக்கில்லாத இடத்தை வைத்து என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்டார்கள். மூலையில் இருந்த சின்ன மேட்டில் ஓட்டு வீடு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மிச்ச இடத்தில் அவள் கீரை போட்டாள்.

முதல் வருஷம் பூச்சிமருந்துக் கடைக்காரன் சொன்னதையெல்லாம் கேட்டாள். புழு என்றால் ஒரு பாட்டில், அசுவினி என்றால் இன்னொரு பாட்டில். புழு செத்தது. கூடவே தட்டான் செத்தது, தவளை செத்தது, அவளுடைய கோழிகளும் செத்தன. கொஞ்ச நாளில் புழு மட்டும் திரும்பி வந்தது. அன்றைக்குத் தெளிப்பானைத் தூக்கி வேலிக்கு வெளியே வீசியவள், பிறகு அதைத் தொடவே இல்லை. காசிமேட்டிலிருந்து மீன் கழிவும், கொருக்குப்பேட்டை மாட்டுக் கொட்டகைகளிலிருந்து சாணியும் கொண்டுவந்து மண்ணில் புதைத்தாள். பாத்திக்குப் பாத்தி பயிரை மாற்றினாள். ஓரமெல்லாம் செண்டுமல்லியும் ஆமணக்கும் வைத்தாள். தெருப் பக்கம் ஒரு குட்டையை வெட்டி, சுற்றிலும் கோரைப்புல்லை வளரவிட்டாள். தவளைகள் வந்தன. கோரை நுனியில் தட்டான்கள் உட்கார்ந்தன. நட்டு வைத்த கொம்புகளில் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து புழுவைப் பொறுக்கியது. பூச்சி கொஞ்சம் தின்றுவிட்டுப் போகட்டும், மீதி நமக்கு என்று அவள் ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தாள். சில வருஷங்களில் அந்த மண் கையில் எடுத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குடித்தது.

அந்த மண்ணை அவள் எப்படி நேசித்தாள் என்றால், பிள்ளை இல்லாத குறையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஒரு பிடி மண்ணை எடுத்து அவர்கள் கையில் வைத்து, "இத்த மோந்து பாரு" என்பாள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

கிருஷ்ணப்பன் வேறு மாதிரி. அவன் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து நிலக்கரிச் சாம்பல் ஏற்றி வரும் லாரியின் டிரைவர். நல்லவன்தான். ஆனால் நாலு பேர் முதுகில் தட்டிக்கொடுத்தால் உருகிவிடுவான். இதைத் தெருவில் முதலில் கண்டுபிடித்தவர் சங்கரநாராயணன்.

சங்கரநாராயணன் தெற்கிலிருந்து வந்து மொத்த மளிகை வியாபாரத்தில் நிமிர்ந்தவர். ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவருடைய அரிசிக் கிடங்கும் வீடும் அந்தத் தெருவிலேயே இருந்தன. பள்ளத் தெரு என்ற பெயர் அவருக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்கிறார்களாம். "சாம்பல் சும்மாதான கிடைக்குது. நம்ம கிருஷ்ணப்பன் மனசு வச்சா தெருவே மேடாயிரும்லா" என்று ஒரு நாள் அவர் சொல்ல, கிருஷ்ணப்பன் மனசு வைத்தான். லோடு லோடாகச் சாம்பல் வந்து கொட்டியது. தெரு உயர்ந்தது. தெரு உயர்ந்ததும் வீடுகள் உயர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு வீடும் தரையைப் பெயர்த்து, சாம்பலை நிரப்பி, பக்கத்து வீட்டை விட ஒரு படி கூடுதலாகக் கட்டிக்கொண்டது. வாசலில் நின்று யார் உயரம் என்று பார்த்துக்கொள்வதே சில மாதங்களுக்குத் தெருவின் பொழுதுபோக்காக இருந்தது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துக் கோடையில் சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. பள்ளத் தெரு போர் குழாய்களில் உப்புத் தண்ணீர் வந்தது, அப்புறம் காற்று வந்தது. செங்கொடியின் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தது. பெய்த மழையையெல்லாம் பல வருஷமாகக் குடித்து வைத்திருந்த மண் அது. அவள் யாரையும் இல்லை என்று அனுப்பவில்லை. தெருவே வந்து இறைத்துக்கொண்டு போய், நீல டிரம்களில் நிரப்பி, மூடாமல் வைத்தது. கொசு பெருகியது. காய்ச்சல் வந்தது. சங்கம் கூடியது.

"எல்லாம் உன் குட்டையால வந்த வினை" என்றார் சங்கரநாராயணன். பிள்ளையார் கோயில் முன்னால் நாற்காலி போட்டு நடந்த கூட்டம். "தவளை ராத்திரி முழுக்கக் கத்துது. பாம்பு வருது. கொசு வருது. நாலு லோடு சாம்பலைக் கொட்டி மூடிருவோம் தங்கச்சி. உனக்கும் நல்லது."

"தவளை இன்னா கொசுவ வளத்து விக்குதா?" என்றாள் செங்கொடி. "கொசுவத் துன்றதே அதான். உங்க டிரம்ம மூடி வைங்க அண்ணாச்சி. அதுல புழு நெளிஞ்சிகினு கீது. நானே பாத்தேன்."

"என் வீட்டு டிரம்முல புழுவா?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டமும் அவர் பக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அவர் கடையில்தான் மளிகை வாங்குகிறார்கள்.

"அண்ணாச்சி சொல்றதுல இன்னாமே தப்பு?" என்று கிருஷ்ணப்பனே எழுந்து கேட்டான். "குட்டதான? மூடிகினா போவுது."

செங்கொடி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எம் மண்ணுல ஒரு கூடை சாம்பல் வுழுந்துச்சின்னா, கொட்டினவன் எவனா இருந்தாலும் சரி, அள்ளிகினு போற வரைக்கும் வுட மாட்டேன். புருஷன்னு கூடப் பாக்க மாட்டேன்."

குட்டையை மூட முடியாது என்று தெரிந்ததும் சங்கரநாராயணன் வேறு வழி கண்டார். தோட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவில் நீளச் சுவர் ஒன்றை எழுப்பினார். தவளையும் பாம்பும் அந்தப் பக்கம், மனிதர்கள் இந்தப் பக்கம். தெருவின் எல்லையில்தான் கட்டினார்கள்; அவள் நிலத்தில் ஓர் அங்குலம்கூடப் படவில்லை. அதனால் அவளால் வாயால் மட்டும்தான் சண்டை போட முடிந்தது. "தண்ணி எந்தப் பக்கம் போவும்னு பாத்தீங்களா?" என்று கத்தினாள். கொத்தனாரைத் தவிர யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வழி இருந்ததால் நடமாட்டத்துக்குக் குறைவில்லை.

நம் ஊரில் ஒரு டியூப்லைட் மாட்டினாலே அதன் மேல் உபயம் இன்னார் என்று எழுதி வெளிச்சத்தைப் பாதி மறைப்பார்கள். இது முழுச் சுவர். விடுவார்களா? சுவரின் நடுவில் கறுப்புக் கல்வெட்டு பதித்து, ரிப்பன் கட்டி, லட்டு கொடுத்துத் திறந்தார்கள். செங்கொடி மறுநாள் சுற்றிக்கொண்டு தெருப் பக்கம் போய் அதைப் படித்தாள். சிமெண்ட் உபயம் என்று சங்கரநாராயணன் பெயர் பெரிதாக இருந்தது. கடைசி வரியில், தெருவை மேடாக்கியதற்காக, சாம்பல் உபயம் ஆ. கிருஷ்ணப்பன்.

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. வீட்டுக்குப் போனதும் சோற்றுத் தட்டில் இருந்த கீரைக் கடைசலை வழித்துத் திரும்பச் சட்டியில் போட்டாள்.

"இன்னாமே இது?" என்றான் கிருஷ்ணப்பன்.

"இனிமே உனக்கு இந்த வூட்ல கீரை கெடையாது. கல்லுல பேரு போட்டுகினியே, அத்த நக்கிக்க."

சொன்னதைச் செய்தாள். சிறுகீரை, தண்டுக்கீரை, கத்தரிக்காய், எதுவும் அவன் தட்டுக்கு வரவில்லை. ரசமும் அப்பளமுமாக அவன் இளைத்துப் போனான். முதுகில் தட்டிக்கொடுத்தவர்கள் யாரும் ஒரு வேளை சாப்பிடக் கூப்பிடவில்லை.

சங்கத் தலைவரின் மனைவி சீனியம்மாளுக்கும் பாடுதான். அவளுக்குச் செங்கொடியின் கீரை இல்லாமல் சோறு இறங்காது. மொட்டை மாடியில் அவள் வைத்த பூசணிக்கொடி காய்ப்பதும் தோட்டத்துத் தேனீக்கள் வந்து போவதால்தான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. புருஷன் கடைக்குப் போனதும் சுவர் ஓரமாக முக்காலி போட்டு ஏறி நின்று, "ஏ செங்கொடி, ரெண்டு கட்டு முளைக்கீரை குடு தாயி" என்று கையை நீட்டுவாள்.

"உங்க ஊட்டுக்காரரு கட்டின சுவரு நல்லா கீதா அக்கா?" என்பாள் செங்கொடி, கீரையை எட்டிக் கொடுத்தபடி.

"கொன்னுபோடுவேன் பாத்துக்க" என்பாள் சீனியம்மாள். இருவரும் சிரிப்பார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை வந்தது. அப்படி ஒரு மழையைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. விட்டு விட்டுப் பெய்கிற ஜாதி இல்லை. பிடித்தது விடவே இல்லை. ரயில் மேட்டிலிருந்து தண்ணீர் வழக்கம்போல இறங்கியது, வழக்கம்போலத் தெருவைக் கடந்தது, சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கீழே இருந்த சாம்பல் இறுகிக் கெட்டித்துப் போயிருந்ததால் ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. சுவரும் சொன்னால் சொன்னபடி கெட்டியாகக் கட்டப்பட்டிருந்தது. காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மதியத்துக்குள் உயர்த்திக் கட்டிய வாசற்படிகளையெல்லாம் தாண்டி வீட்டுக்குள் போனது. மோட்டார் போட்டு இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் செங்கொடி தன் தோட்டத்தில் நின்றிருந்தாள். அங்கேயும் அதே மழைதான். பாத்திகளில் தண்ணீர் தேங்குவதும் மண் அதைக் குடிப்பதுமாக இருந்தது. கிணறு மேலே ஏறியிருந்தது. குட்டை பாதிதான் நிரம்பியிருந்தது. சுவருக்கு மேலே கூச்சல் கேட்டது. நல்லா வேணும் என்று அவள் மனதுக்குள் சொன்னாள், உரக்கவும் சொன்னாள். கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை.

முதலில் சீனியம்மாளின் தலை சுவருக்கு மேலே வந்தது. முக்காலியின் மேல் நாற்காலி போட்டு நின்றிருக்கிறாள். "பிள்ளைகள எல்லாம் பரண் மேல ஏத்திருக்கோம் செங்கொடி" என்றாள். "கீரைக்கு நீட்டுன கைதான். இப்பவும் நீட்டுதேன்."

அடுத்த நிமிஷம் பக்கத்தில் சங்கரநாராயணன் தலை வந்தது. ஒரு கையில் குடை. "தங்கச்சி, சுவர உடைச்சு விடப்போறோம். தெக்கு ஓரமா உடைச்சா தண்ணி சுலுவா எறங்கிரும்."

தெற்கு ஓரத்தில்தான் அவளுடைய கீரைப் பாத்திகளும் விதைக்கு விட்டிருந்த செடிகளும் இருந்தன. தோட்டத்திலேயே நல்ல மண் அங்கேதான். வரப்போவது மழைத் தண்ணீர் மட்டுமா? சாம்பல் சேறு, லாரி ஆயில், சாக்கடை, எல்லாம் சேர்ந்து வரும். இத்தனை வருஷம் அவள் மூட்டை மூட்டையாகச் சுமந்து உண்டாக்கிய மண் ஒரு மணி நேரத்தில் கலீஜாகிவிடும். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெற்கு ஓரத்தில் போய் நின்றாள்.

"இந்தப் பக்கம் ஒரு கல்லு பேந்துச்சோ, பேத்தவன் கை இருக்காது. மெய்யாலுமே சொல்றேன்."

"மனுசங்க சாகுறதா?" என்று கத்தினார் சங்கரநாராயணன்.

"சுவரு கட்டுறப்போ நான் கத்துனேன். எவனா கேட்டீங்களா?"

செங்கொடி சுவரைப் பார்த்தாள். அடியில் ஓர் இடத்தில் தண்ணீர் கசிந்து இந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. அது எப்படியும் வரும். விட்டால் சுவரை மொத்தமாகச் சாய்த்துக்கொண்டு, தெரு முழுக்க உள்ள சாம்பலையும் இழுத்துக்கொண்டு, பாத்தி குட்டை என்று பார்க்காமல் வரும். பரண் மேல் இருக்கும் பிள்ளைகளில் சிலர் அவளுடைய தோட்டத்தில் தட்டான் பிடித்தவர்கள். பல்லைக் கடித்தாள்.

"ஒடைங்க" என்றாள். "ஆனா நான் சொல்ற எடத்துல. குட்டைக்கு நேரா. தண்ணி குட்டையில வுழுந்து, கோரையில வடிஞ்சி, அப்பால தோட்டத்துக்கு வரட்டும். சாம்பல் குட்டையிலயே தங்கிடும். ரெண்டாவது, இந்தச் சுவரு திரும்ப எழும்பக் கூடாது. மூணாவது, தெரு ஓரத்துச் சாம்பல நீங்களே தோண்டி எடுக்கணும், எங் குட்டையையும் சேத்து. சரின்னா கடப்பாரைய எடு. இல்லன்னா நீஞ்சிகினு இரு."

"சரி, சரி" என்ற சங்கரநாராயணன் சுவரின் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் தயங்கினார். குட்டைக்கு நேராகத்தான் கல்வெட்டு இருந்தது.

"அதுல பேரு இருக்கே தங்கச்சி. கொஞ்சம் தள்ளி…"

அரிசிக் கிடங்கில் மூட்டைகள் ஊறிக்கொண்டிருக்கின்றன, பிள்ளைகள் பரண் மேல் இருக்கிறார்கள், மனுஷன் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சீனியம்மாளே தலையில் அடித்துக்கொண்டாள். "எய்யா, பேர வச்சு என்ன செய்யப் போறிய? இடுப்பளவு தண்ணில நிக்கோம்!"

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் அடி விழுந்தது. செங்கொடிக்கு ஆள் தெரியவில்லை. இரண்டாவது அடியில் கல் வெடிக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது அடியோடு, "இன்னாமே, எடம் சரியா கீதா?" என்று குரல் வந்தது. கிருஷ்ணப்பன்.

"சரியாத்தான் கீது. அடி" என்றாள் அவள்.

சுவர் திறந்தது. கல்வெட்டு முழுசாகப் பெயர்ந்து, எழுத்து மேலே தெரிய, குட்டையின் விளிம்பில் வந்து விழுந்தது. அதன் பின்னால் தண்ணீர் இரைச்சலோடு நுழைந்தது. சாம்பல் நிறத்தில் இருந்தது. குட்டையில் விழுந்து சுழன்று, கோரைப்புல்லை அமுக்கி, அதற்குள் வடிந்து, கொஞ்சம் தெளிந்து, பாத்திகளை நோக்கி நடந்தது. தாழ்வாக இருந்த கத்தரிப் பாத்திகள் முழுகின. செண்டுமல்லி முழுகியது. தெற்கு ஓரம் தப்பியது. செங்கொடி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்ததை மழை மறைத்துவிட்டது என்றெல்லாம் இல்லை. எல்லோரும் பார்க்கவே அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். அந்தத் திட்டைத் தெரு முழுக்க வாங்கிக்கொண்டு நின்றது.

மறுநாள் மழை விட்டபோது தெருவில் ஈரம்தான் இருந்தது. தோட்டத்திலும் பல பாத்திகள் தண்ணீரை இழுத்துவிட்டிருந்தன. குட்டை மட்டும் சாம்பல் சேறாகக் கிடந்தது. தவளைச் சத்தம் இல்லை. அந்த அமைதிதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வாக்குக் கொடுத்தவர்களை அவள் விடவில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கூடையைக் கையில் கொடுத்தாள். நாளைக்கு என்றவனின் வாசலிலேயே குந்திக்கொண்டாள். தெருவே இறங்கிக் குட்டையைத் தூர் வாரியது. தெரு ஓரத்துச் சாம்பலைத் தோண்டி அள்ளியது. ஏற்றிக்கொண்டு போனது கிருஷ்ணப்பனின் லாரிதான். கடைசி லோடு போன அன்று அவன் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் முளைக்கீரைக் கடைசல் இருந்தது. அவன் வழித்துத் தின்றான். இரண்டாவது முறை போடச் சொன்னான், போட்டாள்.

சுவரில் திறந்த வழிக்கு ஒரு படி வேண்டியிருந்தது. தண்ணீர் மண்ணை அரிக்காமல் இறங்க வேண்டுமே. செங்கொடி அந்தக் கல்வெட்டையே இழுத்துப் போட்டுப் பதித்தாள், எழுத்து மேலே தெரியும்படி. கிருஷ்ணப்பனின் கடப்பாரை பட்ட இடத்தில் அவன் பெயர் பாதி சிதறியிருந்தது. மற்றப் பெயர்கள் பளிச்சென்று இருந்தன.

கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தது. குட்டையில் தவளை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. சங்கரநாராயணன் குடை பிடித்துக்கொண்டு வந்து படியருகில் நின்றார்.

"தங்கச்சி, இந்தக் கல்லக் கவுத்துப் போடலாம்லா? எல்லாரும் மிதிக்காங்க. பேரு இருக்கு."

செங்கொடி பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரு மேடா ஆனதுக்கு உபயம் போட்டீங்க. சுவருக்கு உபயம் போட்டீங்க. இத்தினி வருசமா உங்க தண்ணியெல்லாம் வந்து எறங்குச்சே, பள்ளம் உபயம் செங்கொடின்னு நான் எங்கனா எழுதி வெச்சேனா?"

பிடுங்கிய களையை வரப்பில் வீசினாள்.

"அது அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி. தள்ளி நில்லுங்க. தண்ணி வருது."

ரயில் மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கித் தெருவைக் கடந்து வந்தது. சங்கரநாராயணன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். அது அவர் பெயர் மேல் ஏறி, மற்றப் பெயர்கள் மேலும் ஏறி, குட்டைக்குள் இறங்கியது.